வெட்டுவதற்கென்று ஒரு படம்

போன ஞாயிற்றுக்கிழமை டோர்ட்மண்டில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா. மண்டபச் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைக் கழற்றி, சமையலறையில் வடைப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள். எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை. யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டும்... உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் குடியிருப்பவர் பெஹ்ரூஸ். ஈரானியர். தெஹ்ரானில் பத்திரிகைகளுக்குக் கார்ட்டூன் போட்டவர். ஒரு பத்திரிகையை மூடுவார்கள், அதே ஆட்கள் வேறு பெயரில் இன்னொன்றைத் தொடங்குவார்கள், அதையும் மூடுவார்கள். இப்படியே மனிதருக்குத் தலை நரைத்துவிட்டது. இப்போது ஒரு கிடங்கில் பார்சல் பிரிக்கும் வேலை.

அவருடைய சிநேகிதி ஒருவர், நூர்தான் என்று பெயர், துருக்கிக்காரி. இஸ்தான்புல்லில் ஒரு நகைச்சுவை வார இதழில் இருந்தவர். எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தேநீர் குடித்து, ஒருவர் படத்தை மற்றவர் கிண்டலடித்துக்கொண்டே வரைவார்களாம். அப்படி வரைந்த ஒரு பெரிய மனிதரின் மூக்குக்காக அவர் மேல் வழக்கு. அது இன்னும் முடியவில்லை. ஊருக்குப் போனால் விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள் என்று பயம். அம்மாவைப் போனில்தான் பார்க்கிறார்.

சரி, ஜெர்மனிக்கு வந்தாயிற்று. இனி வரைந்து தள்ள வேண்டியதுதானே?

அதுதான் இல்லை. எந்தப் பத்திரிகைக்குப் போனாலும் ஒரே கேள்வி — "உங்கள் நாட்டைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?" முள்வேலி, சிறைக்கம்பி, முறிந்த பென்சில் என்றால் உடனே எடுத்துக்கொள்வார்கள். பெஹ்ரூஸ் வரைய விரும்புவதோ, வராத ரயிலையும், யார் எந்தக் குப்பையை எந்தத் தொட்டியில் போடுகிறார்கள் என்று ஜன்னலால் வேவு பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரரையும். "நானும் அந்த ரயிலுக்குத்தானே காத்து நிற்கிறேன்? அதைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இல்லையா?" என்று கேட்பார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை வரும்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்!

எங்கள் சங்க நிகழ்ச்சிகளுக்கு இருவரையும் அழைத்துப் போனேன். பின்வரிசையில் உட்கார்ந்து வரையட்டும், ஆண்டு விழாவில் சுவரில் மாட்டுவோம் என்று கமிட்டியிலும் சம்மதம் வாங்கினேன். நகர வார இதழ் ஒன்றின் ஆசிரியர் வந்து பார்ப்பதாகச் சொன்னார். பிடித்தால் பெஹ்ரூஸின் கார்ட்டூனுக்கு இதழில் வாரம் ஒரு மூலை. பார்சலுக்கு நடுவே அந்த மனிதர் அந்த மூலையைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தார்.

விழாவுக்கு முதல் நாள் படங்களைக் கட்டாகக் கட்டி என்னிடம் தந்தார். மேலாக இருந்த படத்தைப் பார்த்துத் திடுக்கிட்டேன். எங்கள் சங்கத் தலைவர் மாலைகளுக்குள் மூழ்கிவிட்டார். ஒரு கை மட்டும் வெளியே தெரிகிறது. அந்தக் கையில் மைக்!

"இது மாட்டுவதற்கில்லை, வெட்டுவதற்கு," என்றார் பெஹ்ரூஸ். நாங்கள் மூவரும் பேசுவது ஜெர்மனில். "தெஹ்ரானில் தணிக்கை அதிகாரிக்கு எதையாவது வெட்டினால்தான் வேலை செய்த திருப்தி. அதனால் கட்டில் எப்போதும் இப்படி ஒன்றை வைப்பேன். அதை வெட்டுவார். மற்றவை தப்பிவிடும்."

"எங்களிடம் அந்த வசதி கிடையாது," என்று சிரித்தார் நூர்தான். "அச்சாகிக் கடைக்கு வந்த பிறகுதான் வாசித்துவிட்டு வழக்குப் போடுவார்கள்."

நான் என்ன செய்தேன்? மார்பை நிமிர்த்திக்கொண்டு, "இது ஜெர்மனி. அதிலும் எங்கள் சங்கம். நாங்களே அகதியாக வந்தவர்கள். இங்கே யாரும் எதையும் வெட்ட மாட்டார்கள்," என்று ஒரு பிரசங்கம் செய்தேன். அந்தப் படத்தை உருவி வீட்டிலேயே வைத்துவிட்டு, மிச்சத்தைக் கொண்டுபோய் மாட்டினேன்.

மாட்டியவற்றில் ஆகச் சிறந்தது ஒன்று. மேடையில் மைக்கைப் பிடித்து நிற்கும் ஒருவரின் முதுகு, தோளில் பொன்னாடை. பக்கத்தில், நாட்டிய உடையோடு, நெற்றிச்சுட்டி சரிய, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்ட பிள்ளைகள். ஒரு வார்த்தை கிடையாது. யார் பார்த்தாலும் புரியும், சிரிப்பும் வரும்.

தலைவர் அண்ணைக்கும் புரிந்தது. சிரிப்பு வரவில்லை.

"தம்பி, உந்தப் படத்தைக் கழட்டுங்கோ."

"ஏன் அண்ணை?"

"உது நான்தானே?"

"முகமே இல்லையே அண்ணை!"

"முதுகு என்ரைதானே! பாக்கிற சனத்துக்குத் தெரியாதே? வெள்ளைக்காரர் வேறை வருகினம்."

"போன மாசம் கருத்துச் சுதந்திரம் எண்டு மேடையில பேசினது நீங்கள்தானே?"

"ஓம், பேசினனான். அது அரசாங்கங்களுக்கு. எங்களுக்குள்ள ஏன் உந்தப் பிரச்சினை? ஏலாது, கழட்டுங்கோ."

நல்ல மனுஷர். நான் வந்த புதிதில் ஒவ்வொரு டெர்மினுக்கும், அதாவது அதிகாரிகள் நேரம் குறித்துத் தரும் சந்திப்புக்கும், என்னோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர். அதனால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். கமிட்டியில் ஒருவராவது வாய் திறந்தார்களா? நான் உட்பட ஒருவரும் இல்லை. படம் வடைப் பெட்டிகளுக்குப் பின்னால் போயிற்று.

மூச்சுவாங்கிக்கொண்டு பத்திரிகை ஆசிரியர் வந்தார். சுவரைச் சுற்றிப் பார்த்தார். கோலம், தோசைக்கல், ஜிமிக்கி போட்ட குழந்தை... தலைவர் கையில் கொடுத்த வடையையும் சாப்பிட்டார். "மிக அழகு," என்றார். பிறகு பெஹ்ரூஸ் பக்கம் திரும்பி, மிகவும் அன்பாகக் கேட்டார்:

"ஈரானைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?"

பெஹ்ரூஸ் இல்லை என்று தலையாட்டினார். ஆசிரியர் கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான், அந்த மூலை போயிற்று. தலைவர் அப்போதுதான் வரவேற்புரையைத் தொடங்கியிருந்தார். நாட்டியப் பிள்ளைகளில் சின்னவளுக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது.

ட்ராமில் திரும்பும்போது, சங்கத்தையும் தலைவரையும் தமிழினத்தையும் வழிநெடுகத் திட்டித் தீர்த்தேன். பெஹ்ரூஸ் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். இறங்கும்போது சொன்னார்:

"அடுத்த முறை இரண்டு படம் உபரியாகக் கொண்டு வருகிறேன். ஒன்று அவர் வெட்டுவதற்கு... இன்னொன்று, அவருக்கு முன்னால் நீங்கள் வெட்டுவதற்கு."