இன்ஸ்பெக்டருக்கு இரவல் நட்சத்திரம்

மலேசியாவின் அசாம் ஜாவாவில் எனக்குப் பக்கத்து வீடு நாகமணியக்கா. ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடக் கேன்டீனில் மீ கோரிங் நூடுல்ஸ் பிரட்டுவதுதான் வேலை. ஆனால் நான்கு மாதமாக மனசு முழுக்கப் போலீஸ் ஸ்டேஷனில்தான் கிடந்தது. டிவியில் ஓடிய துப்பறியும் நாடகத்தில் வரும் இன்ஸ்பெக்டர் குமரவேல் என்றால் அக்காவுக்கு உயிர்.

வெள்ளிக்கிழமைதோறும் என் காரில்தான் கோயிலுக்கு வருவார். இன்ஸ்பெக்டர் பெயரில் ஓர் அர்ச்சனை. முதல் வாரம் குருக்கள் நட்சத்திரம் கேட்டார். நாடகத்தில் அதையெல்லாம் யார் சொன்னார்கள்? அக்கா கொஞ்சமும் தயங்காமல், "விசாகம்" என்றார். அது அவர் வீட்டுக்காரரின் நட்சத்திரம். உமாபதி அண்ணன் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் காவலாளி. "ரெண்டு பேருமே யூனிஃபார்ம் போடுறவங்கதானே லா" என்று எனக்கு விளக்கம் வேறு.

"அண்ணனுக்கும் ஒண்ணு செய்யலாமே அக்கா?"

"பேரு சொல்லணுமே!"

பெயரைச் சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று அக்காவுக்கு நம்பிக்கை. கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. கிளினிக்கில் கேட்டால் அண்ணனின் அடையாள அட்டையை, அந்த ஐசியை, நீட்டிவிடுவார். சாமியிடம் ஐசியை நீட்ட முடியாது. அதனால் அண்ணனுக்கு அர்ச்சனையே கிடையாது.

போன வியாழக்கிழமை நாடகம் முடிந்தது. இன்ஸ்பெக்டரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அதுவும் ஒரு தொழிற்சாலை வாசலில், காவலாளி கொட்டகைக்குப் பக்கத்தில். எழுதினவனுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? எனக்கே கோபம் வந்தது.

மறுநாள் காலை அக்கா வேலியோரம் நின்றார். கண் வீங்கியிருந்தது. துக்கம் விசாரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அது துக்கமில்லை, பயம்.

"லோகேஸ்வரி, விசாகத்துக்குச் செஞ்ச அர்ச்சனை பலிக்கலியே! இப்ப மிச்சமிருக்கிற விசாகம் இவருதானே? வேலைக்குப் போவாதீங்கன்னா கேக்க மாட்டேங்குறாரு."

உள்ளே பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த அண்ணன் குரல் கொடுத்தார்: "நாலு மாசமா என் நட்சத்திரத்த எவனோ ஒருத்தனுக்குக் குடுத்துட்டு, அவன் செத்ததும் என்னை டாக்டர் சீட்டு வாங்கி எம்.சி. லீவு எடுக்கச் சொல்றா. நியாயமாம்மா இது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா அர்ச்சனைத் தட்டோடு என் காரில் ஏறி உட்கார்ந்ததும் அடங்கிவிட்டது. காரை எடுத்தேன். அண்ணனும் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்தார். கோயிலைத் தாண்டித்தான் அவர் வேலைக்குப் போக வேண்டும்.

குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "இன்ஸ்பெக்டருக்குத்தானே?" என்றார். பாவம், அவர் நாடகம் பார்ப்பதில்லை.

"இல்லிங்க சாமி. என் வீட்டுக்காரருக்கு."

"பேரு?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றே தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர்கள் செருமத் தொடங்கினார்கள்.

"உமாபதி" என்றார் அக்கா, மெதுவாக. சாமிக்குக் கேட்காமல் போய்விடுமோ என்று பயந்தாரோ என்னவோ, மறுபடியும் கோயில் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "உமாபதி! விசாகம்!"

திரும்பிப் பார்த்தேன். வாசல் படியில் ஹெல்மெட்டும் கையுமாக அண்ணன். அக்கா கொண்டுவந்து கொடுத்த விபூதியைப் பூசிக்கொண்டார். ஹெல்மெட்டை மாட்டினார். உடனே கழற்றினார்.

"நாகமணி, இன்னிக்கு நான் எம்.சி. எடுத்துக்கவா?" என்று கேட்டார்.