போன தடவை வந்த எண்ணே வர வேண்டும்

ஒரு கால் பூட்ஸைக் கழற்றியதும் மறு காலோடு நொண்டிப்போய்க் கணினியைத் தட்டிவிடுவார் ஹில்க்கா. உடனே அவர் எழுதிய அசெம்ப்ளர் என்ற மென்பொருள், ஊர் ஊராக ஆட்கள் அனுப்பிவைத்த பழைய நிரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, சில்லுக்குப் புரிகிற எண்களாக மாற்றத் தொடங்கும். போன தடவை வந்த எண்களே இப்போதும் அச்சு அசலாக வர வேண்டும். ஒன்று பிசகினாலும் புதிய பதிப்பு வெளியே போகாது.

பகலில் ஊலு நகரத்தில் லிஃப்ட் கம்பெனி வேலை, மாலையில் இது. அசெம்ப்ளரை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தியும் அனுப்பலாம். "நல்லாருக்கு. ஆனா வேணாம்" என்பதே அவர் எழுதும் மிக நீளமான பதில். நேரில் குறை சொல்ல வருபவருக்கு முதலில் உப்பு மிட்டாய் நீட்டுவார். அது வாயில் கரைகிறவரை எதிராளியால் பேச முடியாது.

அந்தச் சனிக்கிழமை கூட்டாளி ஓட்ஸோவுக்கு மிட்டாய் செல்லுபடியாகவில்லை. நிரல் வெகுதூரம் பின்னோக்கித் தாவுகிற அபூர்வமான இடங்களில் அசெம்ப்ளர், நேரத்தைத் தின்பதைத் தவிர ஒன்றும் செய்யாத ஒரு வெற்றுக் கட்டளையைச் சும்மா சேர்த்துவந்தது. குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அதைச் சரிசெய்திருந்தான் அவன். அன்றுதான் வெளியீடு. சோதனையில் ஒரே ஒரு நிரல் மட்டும் எண் மாறிச் சிவப்பாக நின்றது. வெய்க்கோ என்ற பண்ணைக்காரரின் பால் கறக்கும் இயந்திரத்துக்கானது அது.

"அம்மா தாயே, அது நீங்க பண்ணின தப்பு! அதைத்தானே நான் திருத்தினேன்?"

"தெரியும்டா. என் தப்பையும் சேத்துத்தான் அந்த ஆளு நேரக் கணக்கு போட்டிருக்காரு. அது போனா மெஷின் வேகமா இழுக்கும். மாடு உதைக்குமா உதைக்காதா?"

"அவரை மாத்திக்கச் சொல்லுங்க."

"அவரைத் தெரியும், சொல்லலாம். தெரியாம நம்பிக்கிட்டிருக்கிறவங்ககிட்ட யாரு போய்ச் சொல்றது?"

ஓட்ஸோவின் முகம் தொங்கிவிட்டது. தான் பட்ட பாடெல்லாம் வீண் என்றே நினைத்தான். ஹில்க்காவுக்கு மனசு கேட்கவில்லை. அதற்காக விட்டுக்கொடுக்கிறவரும் இல்லை. காபி ஆறுவதற்குள் வழி கண்டுபிடித்துவிட்டார். கேட்டு வாங்குபவருக்குச் சரியான வழி, கேட்காதவருக்குப் பழைய வழி. கையேட்டில் இரண்டுக்கும் பெயர் வேண்டுமே? சரியானதற்கு 'ஓட்ஸோ முறை' என்று தட்டினார். பழையதற்கு, கொஞ்சமும் யோசிக்காமல், 'ஹில்க்காவின் தவறு'.

மறுபடி சோதனை ஓடியது. எல்லாம் பச்சை. இத்தனை வருஷத்தில் ஒரு பதிப்பையும் வேறு யார் கையாலும் வெளியிட விட்டதில்லை அவர். விசைப்பலகையைத் தூக்கி ஓட்ஸோவின் மடியில் வைத்தார்.