தேத்தண்ணிக்கு நேரமில்லாத தொழில்

புருசனும் பெண்சாதியும் சேர்ந்து லொறி ஓட்டினால் சண்டை பிடிக்க இடமிருக்காது. வீட்டில் என்றால் குசினிக்குள் போய்ச் சட்டி பானையை உருட்டலாம். லொறியில் இருப்பது இரண்டு ஆசனங்கள், அவற்றுக்குப் பின்னால் ஒரு படுக்கை, அந்தப் படுக்கைக்கு ஒரு திரை. எனக்குக் கோபம் வந்தால் பின்னால் ஏறித் திரையை இழுத்து மூடிவிடுவேன். இவர் திரையோடு கதைத்துக்கொண்டு ஓட்டுவார்.

தொண்ணூறுகளின் கடைசி அது. இவர் வேலை செய்த களஞ்சியம் மூடப்பட்டது. நான் பொதி கட்டிய பிஸ்கட் தொழிற்சாலையும் ஆட்களைக் குறைத்தது. இரண்டு பேரும் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தோம், அந்த வயதில் எங்களைக் கூப்பிட ஆளில்லை. சிட்னிப் புறநகர் கிரவீனில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் பழைய லொறிச் சாரதி. அவசரச் சரக்குக் கம்பனிகள் தம்பதிகளைத்தான் தேடுகிறார்கள் என்று அவர் வேலிக்கு மேலால் சொன்னார். ஒருவர் ஓட்ட மற்றவர் நித்திரை கொள்ளலாம், லொறி நிற்கத் தேவையில்லை. எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் யந்திரம் உடைந்து வேலை நின்றுபோயிருக்கும். அதற்கான உதிரிப்பாகம் விமானத்தில் ஏற்ற முடியாத பாரமாக இருக்கும். அதை அன்றைக்கே கொண்டுபோய் இறக்குவதுதான் தொழில். இருந்த சேமிப்பைத் துடைத்து ஒரு பழைய லொறி வாங்கினோம். பார லொறி லைசென்ஸை நான் முதல் தடவையிலேயே எடுத்துவிட்டேன், இவருக்கு இரண்டாம் தடவைதான் கிடைத்தது. இதை எழுதாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

கம்பனியில் ஓட்டங்களைப் பிரித்துக் கொடுப்பவர் கரகரத்த குரல் கொண்ட ஒரு வெள்ளைக்காரப் பெண். மூன்று மாதம் பார்ப்பேன் என்றார். ஒருமுறை பிந்தினால் மன்னிப்பேன், இரண்டாம் முறை பிந்தினால் வேறு ஆளைத் தேடுவேன், பிந்தாமல் ஓடினால் சிட்னிக்கும் மெல்பேணுக்கும் இடையில் நிரந்தர ஓட்டம் தருவேன். அந்த நிரந்தர ஓட்டம் இல்லையென்றால் லொறியை விற்பதைத் தவிர வேறு வழி இல்லை. இது எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரியும்.

தெரிந்தும் இவர் ஹெலன்ஸ்பர்க் கோவிலில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அன்னதான வரிசையில் நின்றபடி, நாங்கள் கிழமைக்குக் கிழமை மெல்பேண் போகிறோம் என்று முன்னால் நின்றவரிடம் சொன்னார். நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் கோவில் முழுக்கத் தெரிந்துவிட்டது.

"தம்பி, எங்கட தங்கச்சி மல்கிரேவிலதான் இருக்கிறா. ஒரு சின்னப் பாசல்தான், கொஞ்சம் மிளகாய்த்தூள்" என்று ஒரு அம்மா வந்து நின்றார்.

சின்னப் பாசல் பெரிய பாசலாகியது. மிளகாய்த்தூளுக்குப் பின்னால் முறுக்கு வந்தது, மோர்மிளகாய் வந்தது, யாரோ ஒரு பிள்ளையின் பரதநாட்டிய உடுப்பும் சலங்கையும் வந்தன. இவர் எல்லாவற்றையும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வாங்கினார்.

பாசல் பாரமில்லை. அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதுதான் பாரம். எங்கள் ஆட்களின் வீட்டு வாசலில் நின்று சாமானை நீட்டிவிட்டு ஓடிவர முடியுமா? சப்பாத்தைக் கழற்ற வேண்டும், கதிரையில் இருக்க வேண்டும். வேண்டாம் என்றால் எங்களுக்குப் பெருமை என்று நினைப்பார்கள். தேத்தண்ணி வரும், தேத்தண்ணியோடு ஒரு தட்டும் வரும். பிறகு எந்த ஊர் என்று கேட்பார்கள், ஊர் தெரிந்ததும் எந்தத் தெரு, எந்த ஒழுங்கை என்று கேட்பார்கள், ஒழுங்கையில் யாராவது ஒரு சொந்தக்காரர் அகப்பட்டுவிடுவார். அதற்குப் பிறகு எழும்புவது லேசில்லை.

மல்கிரேவில் அதுதான் நடந்தது. டண்டினோங்கில் ஒரு தொழிற்சாலைக்குச் சரக்கு. போகும் வழிதானே, ஐந்து நிமிடம் என்றார் இவர். அந்த வீட்டு அம்மா அப்போதுதான் பிட்டு அவிக்கத் தொடங்கியிருந்தார். "பிட்டு இறக்கினாப் பிறகு போகலாம்" என்றார். பிட்டு இறங்கியது, கறி சூடாகியது, இவருடைய மாமாவின் பழைய சைக்கிள் கடை கதைக்குள் வந்தது. நான் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து விழுங்கினேன். பிட்டு நல்ல ருசி என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தொழிற்சாலைக்குப் பிந்திப் போனோம். கரகரத்த குரல் தொலைபேசியில் வந்து, இது முதல் தடவை என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

திரும்பி வரும்போது நான் திரையை மூடிவிட்டுக் கத்தினேன். "இனி ஒரு பாசலும் இந்த லொறியில ஏறக்கூடாது. ஏத்தினா என்னை இறக்கிவிடுங்கோ. நான் பஸ்ஸில போறன்."

இவர் முன்னால் போன ஒரு லொறியை முந்தினார். பிறகு மெல்லச் சொன்னார். "இஞ்சரும், ஊரில சங்கக்கடை மனேஜரா இருக்கேக்க அரிசி, சீனிக்கு எத்தினை சனம் என்னட்டை வந்து கேட்டது. இஞ்ச வந்த நாள் துவக்கம் நான்தான் எல்லாரிட்டையும் கேட்டுக்கொண்டு திரியிறன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, இந்தக் கடிதத்தை வாசிச்சுச் சொல்லுங்கோ எண்டு. இப்பதான் நாலு பேர் என்னட்டை ஒண்டு கேக்கினம். இல்லையெண்டு சொன்னா அந்த நாலு பேரும் போயிடுவினம்."

எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆனால் இந்த மனிதர் ஒவ்வொரு பாசலையும் ஏன் அப்படிச் சிரித்துக்கொண்டு வாங்கினார் என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கு அவரை நினைக்கப் பாவமாக இருந்தது. திரையைத் திறந்துகொண்டு முன்னால் வந்து இருந்தேன்.

கடைசியில் நான் ஒரு சட்டம் போட்டேன். பாசல் கொண்டுபோவோம், ஆனால் ஒருவருடைய வீட்டுக்கும் போகமாட்டோம். மெல்பேணுக்குச் சற்று முன்னால், ஹியூம் நெடுஞ்சாலையில் லொறிகள் டீசல் அடிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. வேண்டியவர்கள் அங்கே வந்து வாங்கிக்கொள்ளட்டும். இதைக் கேட்டுச் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். ரோட்டில் வைத்தா கொடுப்பது என்று கேட்டார்கள். பாசல்கள் பாதியாகக் குறைந்தன. இவருக்குக் கவலை, எனக்கு நிம்மதி.

மூன்று மாதத் தவணையின் கடைசி ஓட்டத்துக்குத்தான் கூறைச்சேலை வந்தது. மெல்பேணில் மில் பார்க்கில் அடுத்த நாள் காலை கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் எடுத்த கூறை, சென்னையிலிருந்து சிட்னிக்கு வந்த ஒருவரின் பெட்டியில் அகப்பட்டுப் பிந்திவிட்டது. மாப்பிள்ளையின் தாயோடு நானே தொலைபேசியில் கதைத்தேன்.

"கூறையை ரோட்டில வச்சோ வாங்கிறது, பிள்ளை?"

"அக்கா, வீட்டை வந்தா நீங்கள் எங்களை எழும்ப விடமாட்டியள்."

மறுபக்கத்தில் அவர் சிரித்தார். "அது உண்மைதான். நான் வாறன். இளைய மகன் கொண்டுவந்து விடுவான்."

அன்றைக்கு லொறியில் இருந்தது ஒரு பாண் தொழிற்சாலைக்கான யந்திரத் தண்டு. அது போய்ச் சேரும்வரை அங்கே பாண் சுடும் போறணை அடுப்பு எரியாது. விடியமுன் சிட்னியில் வெளிக்கிட்டு, ஆள் மாறி ஆள் ஓட்டி, பின்னேரம் டீசல் அடிக்கும் இடத்துக்கு வந்துசேர்ந்தோம். நான் கூறைப் பையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். சேலை உடுத்த ஒருவரையும் காணவில்லை. கையில் கொஞ்ச நேரம்தான் மிச்சம் இருந்தது.

"அங்க பாரும்" என்றார் இவர்.

நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கமும் அதே மாதிரி ஒரு டீசல் அடிக்கும் இடம் உண்டு, சிட்னிக்குப் போகும் லொறிகளுக்கு. மெல்பேணிலிருந்து காரில் வருகிறவர் அந்தப் பக்கத்துக்குத்தான் வந்துசேர்வார். அது என் மூளைக்கு எட்டவேயில்லை. கம்பி வேலிக்குப் பின்னால் நீலச் சேலையில் ஒரு அம்மா, கையில் பெரிய சுடுதண்ணிப் போத்தலோடு நின்றார். எங்களைக் கண்டு கையைக் காட்டினார். மகன் அவரை இறக்கிவிட்டுப் போய்விட்டது தெரிந்தது. நடுவில் கார்களும் லொறிகளும் விர் விர் என்று பறந்துகொண்டிருந்தன. சுற்றிக்கொண்டு அங்கே போய் வந்தால் பாண் தொழிற்சாலைக்குப் பிந்துவது நிச்சயம்.

அத்தனை நாளும் சட்டம் பேசிய எனக்கு அப்போது மனம் கேட்கவில்லை. ஒரு கல்யாணக் கூறையை மடியில் வைத்துக்கொண்டு எப்படிப் போவது? "போய்க் குடுத்திட்டுப் போவம்" என்றேன்.

இவர் இறங்கினார். வீதிக்கரை வேலிவரை நடந்துபோனார். அந்த அம்மாவைப் பார்த்துத் தன் மணிக்கூட்டைத் தொட்டுக் காட்டினார். பிறகு நகரத்துப் பக்கம் கையை நீட்டி, திரும்பி வருவேன் என்பதுபோல் சுழற்றினார். கடைசியில் இரண்டு கைகளையும் கூப்பினார். திரும்பி வந்து ஏறி லொறியை எடுத்தார்.

"கோவிச்சா?" என்று கேட்டேன்.

"கோவிக்கட்டும். வேலை முதல்ல."

அப்படிச் சொன்னவரின் முகம் வெளிறிப்போயிருந்தது.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தொழிற்சாலை ஆட்கள் நாங்கள் நிறுத்தியவுடனே தண்டை இறக்கத் தொடங்கினார்கள். நான் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன். நிரந்தர ஓட்டம் உங்களுக்குத்தான், திங்கட்கிழமை தொடக்கம் என்றார் அந்தப் பெண், சோற்றுக்கு உப்புப் போதும் என்று சொல்வதுபோல. எனக்கு அந்த முற்றத்திலேயே இருந்து அழவேண்டும் போல இருந்தது. இவரிடம் சொன்னேன். இவர் தலையை ஆட்டிவிட்டு, "அவ இன்னும் நிப்பாவோ?" என்று கேட்டார்.

வடக்கே திரும்பி வந்தோம். அக்கா நின்றார். நிற்கவில்லை, அங்கே கிடந்த சீமெந்து வாங்கு ஒன்றில் வசதியாக உட்கார்ந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், கையால் மறித்துவிட்டார். "தம்பி கும்பிட்டது விளங்கினது. கல்யாணம் நாளைக்குத்தானே." கூறையை வாங்கிக் கண்ணில் ஒற்றினார். பிறகு போத்தலைத் திறந்து தேத்தண்ணி வார்த்தார், பெட்டியைத் திறந்து இடியப்பமும் சம்பலும் எடுத்தார். பக்கத்தில் நின்ற சாரதிமார் எங்களைப் பார்த்தார்கள். அந்த மூன்று மாதத்தில் நான் மணிக்கூட்டைப் பார்க்காமல் சாப்பிட்டது அன்றைக்குத்தான். மகன் வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை மூவரும் ஊர்க்கதை கதைத்தோம். போகும்போது, அடுத்த முறை சரக்கை இறக்கிப்போட்டு வீட்டுக்கு வரவேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினார்.

மீண்டும் லொறியை எடுத்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நான் நிரந்தர ஓட்டத்தைப் பற்றி, வாங்கவேண்டிய புது டயர்களைப் பற்றி மூச்சு விடாமல் பேசிக்கொண்டு வந்தேன். கனதூரம் போனபிறகு, இவர் வீதியைப் பார்த்தபடியே கேட்டார்.

"நான் இப்ப வரமாட்டன் எண்டு சொன்னன். எண்டாலும் அவ போகேல்லை. நிண்டா, என்ன?"

"ஓம்" என்றேன். "நிண்டா."