வேறு மண்ணில் வைத்த சோதனை

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் கைவிட்ட அம்சவல்லி, பீங்கான் பொம்மைக்குக் கண் எழுதும் மேசையில் இடம் பிடித்தாள். கிணற்றில் விழுந்தும், ஓடுகிற மாட்டுவண்டியிலிருந்து குதித்தும் பதினேழு வயதை எட்டினாள். பேய்க்கோளாறு என்று வேப்பிலை அடித்தவர்களுக்கும், இதை எவன் கட்டுவான் என்று உதடு பிதுக்கியவர்களுக்கும் நடுவே முகத்தில் சிரிப்பு மாறாமல் வளர்ந்தாள். அண்ணன் மாணிக்கவேலைக் கேட்டால், அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றிலும் பெரிய வெற்றி என்பான்.

மாணிக்கவேலுக்கு விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை அடுக்குகிற வேலை. படிப்பு ஐந்தாவது. பொம்மைக்கும் பொம்மைக்கும் விரல் இடைவெளி விட்டு அவன் அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டாது. அப்படிப்பட்டவனின் தங்கை, உட்கார் என்று சொன்ன வாய் மூடுவதற்குள் எழுந்துவிடுவாள். சோறு வடிக்கப் போனவள் கோழியைத் துரத்திக்கொண்டிருப்பாள். அடுப்பில் சோறு தீய்ந்துகொண்டிருக்கும்.

அந்த வருடம் தை பிறந்ததும் அவளைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனான். அங்கே ஒரு டாக்டரம்மா நிதானமாகக் கேள்வி கேட்டு, நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, காலையில் ஒன்று என்று சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். மூளையை முடுக்குகிற மருந்து, இவளுக்கு நிதானம் தரும் என்றார். முடுக்கினால் எப்படி நிதானம் வரும் என்று அவனுக்கு விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவைத்தான்.

ஆனால் விளைவு கண்ணெதிரே தெரிந்தது. பொம்மைப் பட்டறையில் வண்ணப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் தனக்கோடியிடம் கெஞ்சி அவளைச் சேர்த்துவிட்டிருந்தான். ஒரு தட்டு பொம்மையை முடிக்கும்வரை அம்சவல்லி எழுந்திருக்கவில்லை.

"நெசமா ஒன் தங்கச்சிதானா இது? இல்ல, ரெட்டப் பொறப்பு எதுனா வச்சிருக்கியா?" என்றாள் தனக்கோடி.

அம்மா வீரம்மாள்தான் மகனைப் பிடித்துக்கொண்டாள். "பம்பரமா சுத்துன புள்ள செலயாட்டம் ஒக்காந்திருக்குது. என்னாத்தடா குடுக்குற? மயக்கு மருந்தா?"

 அதைத் தெரிந்துகொள்ள மாணிக்கவேலுக்கு ஒரு வழி தெரியும். பட்டறைக்குப் புது மண் எது வந்தாலும் முதலில் அதில் சின்னத் துண்டு ஒன்றைச் சூளையில் வைத்து எடுப்பார்கள். அது எப்படி வெந்து வருகிறதோ, அதைப் பார்த்துத்தான் மற்றதை வைப்பார்கள். மறுநாள் காலை அவனே சோதனைத் துண்டானான். தங்கச்சி சின்ன உடம்புக்காரி, அவளுக்கு ஒன்று. ஆம்பிளைக்கு இரண்டாவது வேண்டாமா? நீராகாரத்தோடு இரண்டை விழுங்கிவிட்டு வேலைக்குப் போனான்.

சற்று நேரத்தில் நாக்கு வறண்டது. வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் போகிறமாதிரி நெஞ்சு தடதடத்தது. அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினான். அதையும் கலைத்தான். சாப்பாட்டுத் தூக்கு திறக்கப்படாமலே கிடந்தது. வாய் மட்டும் ஓயவில்லை.

"ஏம்பா மாணிக்கம், காலையில ரேடியோவ முழுங்கிட்டு வந்தியா? மூடுற சுச்சு எங்க இருக்குது?" என்றான் கூட வேலை செய்யும் பச்சமுத்து.

மாணிக்கவேலுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் படபடப்பையா தினமும் அந்தப் பிள்ளை நெஞ்சில் ஏற்றுகிறேன் என்ற நினைப்பு அவனை வறுத்தது. வீட்டுக்குப் போன கையோடு மாத்திரையைப் பரண்மேல் போட்டான்.

வாரம் திரும்பவில்லை. ஜன்னலில் அணில் ஓடியது என்று அம்சவல்லி துள்ளி எழ, தட்டு கவிழ்ந்து பொம்மைகள் நொறுங்கின.

"ஒன்மேல கோவம் இல்லடி ராசாத்தி," என்றாள் தனக்கோடி. "மொதலாளி பாத்தா எனக்கும் சேத்து சீட்டு கிழிஞ்சிரும். நாளைலேந்து வராத."

உடைந்த பொம்மைத் தலை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அம்சவல்லி அண்ணன் முன்னால் வந்து நின்றாள்.

"மாத்திரைய ஏண்ணா நிறுத்துன?"

"ஒனக்கு அது மயக்கமா இல்லியா பாப்பா? நெஞ்சு அடிச்சிக்கல?"

"இல்லியே. மத்தியானம் பசிதான் எடுக்காது. என் தலைக்குள்ள எப்பவும் சந்தையாட்டம் எல்லாரும் ஒண்ணா கத்துவாங்கண்ணா. அதப் போட்டா ஒவ்வொருத்தரா பேசுவாங்க. அவ்ளோதான்."

அடுத்த பஸ்ஸில் புதுச்சேரி போய் டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னான்.

"ரெண்டா? நல்ல ஆளுய்யா நீங்க!" அவர் கடிந்துகொண்டார். "அவ மூளையில முடுக்கம் கொறச்சல், அதுக்கு அளவு பாத்துக் குடுத்த மருந்து. ஒங்களுக்குக் கொறையே இல்ல. இருக்கறதுக்கு மேல முடுக்கிவிட்டுடுச்சு. எல்லாம் ஏன்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியாது. மாசாமாசம் கூட்டிட்டு வாங்க, நெஞ்சுத் துடிப்பையும் எடையையும் பாத்துக்கறேன். இனிமே நீங்க தொடாதீங்க."

திரும்பும் வழியில்தான் அவனுக்கு உறைத்தது. பொம்மை செய்கிற வெள்ளை மண் வெந்து இறுகுகிற அதே சூட்டில், சட்டி வனைகிற செம்மண் உருகி உட்கார்ந்துவிடும். செம்மண் துண்டை வைத்துப் பார்த்துவிட்டு வெள்ளை மண்ணைக் குப்பையில் கொட்டுவானா எவனாவது? அவன் கொட்டியிருக்கிறான். தனியாகச் சிரித்தவனைப் பார்த்து, பக்கத்து இருக்கைக்காரர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

அம்மாவுக்கும் இதையேதான் சொன்னான்.  விடிந்ததும் மாத்திரையும் சொம்பில் தண்ணீருமாக அவளே வந்து மகளருகில் நின்றாள். தனக்கோடியை வழிக்குக் கொண்டுவரத்தான் நாளானது. கடைசியில், "இன்னொருவாட்டி ஒடச்சா அண்ணன் தங்கச்சி ரெண்டு பேரையும் சூளைல வச்சிருவேன்," என்று சேர்த்துக்கொண்டாள்.

கண் எழுதத் தேறியவள் ஒரு பொம்மையை முழுக்கத் தானே தீட்டி, அடிப்பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதித் தருவது அந்தப் பட்டறை வழக்கம். சூளைக்குப் போய் வந்தபின் அதை யாராலும் அழிக்க முடியாது. பள்ளியில் 'அம்' வரைக்கும் எழுதிவிட்டு ஓடியவள் அம்சவல்லி. பொம்மையை வாங்கி அடுக்க வந்த மாணிக்கவேல் கதவருகே நின்றான். நாக்கைப் பல்லிடையே கடித்துக்கொண்டு, தூரிகையைக் கீழே வைக்காமல், 'லி'யின் மேல் வளைவு சுழிகிற வரைக்கும் அவள் தன் பெயரை எழுதி முடித்தாள். அதன்கீழே தேதி: 17.8.1973.