வலப்பக்கத் திருப்பம்

அளவெட்டியிலிருந்து மானிப்பாய்க் கோயிலுக்கு எங்கள் அன்னதான அரிசியை ஏற்றி வந்த பிக்கப்பின் சாரதி அவர். பெயரைக் கேட்கவில்லை. நரைத்த மீசை, நெற்றி நிறையத் திருநீறு. ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்னும் தலையை வெளியே நீட்டி முன்சில்லைப் பார்ப்பார்.

காரணம் புது ரயர்கள். வண்டிக்கு மீறிய அகலம். வெறும் வண்டியில் பூட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டிருக்கிறார். மூடைகள் ஏறி வண்டி பதிந்ததும், வலப்பக்கம் திரும்பினால் ரயர், சில்லுக்கு மேலிருக்கும் மட்காட்டில் உரசியது. அதனால் இடப்பக்கத் திருப்பங்களாகத் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தார். சமையல்காரர் தொலைபேசியில் கத்தினார்: “உலை கொதிக்குது, அரிசி எங்கை?”

கோயிலின் தென்கிழக்கு மூலைக்கு வந்தோம். சமையல் நடக்கும் மடம் வடக்கு வீதியில்.

“நேரை போய் இடப்பக்கம் ஒருக்காத் திருப்புங்கோ அண்ணை. உரசாது” என்றேன்.

அவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

“கோயிலை இடமாச் சுத்தச் சொல்லுறியளோ?”

தெற்கு வீதிக்குள் நுழைந்தார். இனி இரண்டு வலப்பக்க மூலைகள். முதலாவதில் ரயர் கரகரவென்று அலறியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். இரண்டாவதில் இறப்பர் கருகும் மணம் உள்ளே வந்தது. ரயர் வெடித்துவிடும் என்றே நினைத்தேன்.

வெடிக்கவில்லை. மடத்து வாசலில் இறங்கியவர், உரிந்து தொங்கிய இறப்பர்த் துண்டைப் பிய்த்துச் சட்டைப் பைக்குள் ஒளித்தார்.

“உந்த அளவு வேண்டாமெண்டு ரயர்க் கடைக்காரன் அப்பவே சொன்னவன். அவனுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ.”

சுவாமியைவிட அந்தக் கடைக்காரனுக்குத்தான் அவர் கூடுதலாகப் பயந்தாரோ என்று எனக்கு இன்றும் சந்தேகம்.