பின்சீட், இடது பக்கம்

நான் பொய் சொல்லி இந்த ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. இதுவும் நடந்ததுதான். சம்பந்தி வீட்டார் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காகப் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பொன்னேரிக்குப் பக்கத்தில் எங்களுக்கு நெல் நிலம். மகன் வசந்தகுமாருக்குத் தேர்வாய் கண்டிகையில் தொழிற்சாலை வேலை. பேத்தி பூமிகாவுக்குக் கவரைப்பேட்டையில் மாப்பிள்ளை அமைந்தது. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டில் நிச்சயம். பெண்ணைச் சொந்த வண்டியில் அழைத்து வருகிறோம் என்று சபையில் நானே சொல்லியிருந்தேன். வாடகைக் காரில் போய் இறங்கும் குடும்பமல்ல எங்களுடையது. அந்த ஒரு சொல்லுக்காக, தரகர் மூலம் பழைய கார் ஒன்றை மகன் வாங்கிவந்தான்.

சாவியை வெளியே எடுக்கவே வேண்டாத வண்டி. அது மடியில் இருந்தால் போதும், கைப்பிடியைத் தொட்டதும் கதவு திறக்கும்.

வந்த மறுநாளே தொல்லை தொடங்கியது. பூட்டினால் பூட்டவில்லை. பீப்... பீப்... பீப்... சாவியை உள்ளே மறந்து விட்டால்தான் அப்படிக் கத்தும் என்றான் மகன். சாவியோ என் வேட்டி மடியில் இருந்தது.

கும்மிடிப்பூண்டியிலிருந்து மெக்கானிக் பாஸ்கர் வந்தார். சாவிக்குள் இருந்த பட்டன் பேட்டரியை மாற்றினார். கைப்பிடிகளைத் துடைத்துப் பார்த்தார். தலைக்கு மேலே போகும் மின்கம்பிகள் சிக்னலைக் கெடுக்கலாம் என்று வண்டியைக் களத்துமேட்டுக்கு நகர்த்தினார். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“உள்ள இன்னொரு சாவி கீதுன்னு காட்டுது பெரியவரே.”

எங்களிடம் இருந்தது ஒரே சாவி. மற்றொன்று தொலைந்துவிட்டதாகத் தரகர் சொல்லியிருந்தார். சீட்டுகளைக் கழற்றித் தேடினோம். இல்லை. பாஸ்கர் அந்த இரண்டாவது சாவியின் பதிவையே வண்டியிலிருந்து அழித்துவிட்டார். இனி அதைக் கொண்டுவந்து கதவருகே நின்றாலும் திறக்காது என்று உறுதி சொன்னார்.

அதன் பிறகு வண்டி பூட்டியது. ஆனால் அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் தானாகத் திறந்துகொண்டது.

எவனோ சாவியை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டோடு விளையாடுகிறான் என்று நினைத்தேன். புதன்கிழமை மாலை, அவனைப் பிடிக்க நானே ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன். புழுக்கத்துக்காக மகன் ஏசியைப் போட்டுக் கொடுத்தான்.

“திருடன் வந்தா அடிக்கப் போறீங்களா நைனா, ஆசீர்வாதம் பண்ணப் போறீங்களா?” என்று சிரித்துக்கொண்டே கதவுகளைப் பூட்டிவிட்டுப் போனான்.

மணி 6:40.

டிக்.

பூட்டு திறந்தது. வெளியே பார்த்தேன். களம் வெறுமையாகக் கிடந்தது. ஒரு நாய்கூட இல்லை.

பின்னால், இடது கதவின் கைப்பிடி மெல்ல அசைந்தது...

கதவு திறந்தது. ஈர மண் வாடை.

சீட் அமுங்கும் சத்தம்.

கதவு சாத்திக்கொண்டது.

டிங்... டிங்... டிங்...

எனக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. பின்சீட்டில், இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, வண்டியை விற்றவர்களைத் தேடி ஆர்.கே.பேட்டைக்குப் பேருந்தில் போனேன். கங்கம்மா என்ற அம்மாள் மட்டும் வீட்டில் இருந்தார். இரண்டாவது சாவியைக் கொடுத்துவிடும்படி விறைப்பாகவே கேட்டேன்.

“எப்படி நைனா குடுக்கறது? கண்ணாலம் ஆவாத புள்ளன்னு என் மவனைப் பொதைச்சோம். அவனுக்குப் புடிச்சதெல்லாம் கூடவே வெச்சிட்டோம். அந்தச் சாவி அவன் சட்டைப் பையிலதான் கீது.”

எழுந்தேன். வாசல் வரை வந்த அந்த அம்மாள் தணிந்த குரலில் கேட்டார்.

“பின்னாடி... இடது பக்கமா?”

நான் அவரிடம் எதையுமே சொல்லியிருக்கவில்லை.

வெளியே தெரிந்தால் சகுனம் சரியில்லை என்று சம்பந்தம் முறிந்துவிடும். வேறு வண்டியில் போனாலும் காரணம் கேட்பார்கள். யாரிடமும் வாய் திறக்காமல் வெள்ளிக்கிழமை அதே வண்டியில் புறப்பட்டோம். பூமிகாவை வலது பக்கம் உட்காரவைத்தேன். இடது பக்கத்தில் யாரையும் உட்கார விடவில்லை. ஆனாலும் வழியெல்லாம் டிங்... டிங்... சென்சார் கோளாறு என்றான் மகன்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் சத்தம் நின்றது.

நிச்சயம் ஒரு குறையுமில்லாமல் நடந்தது. அன்றிலிருந்து எங்கள் வண்டி ஒழுங்காகப் பூட்டுகிறது.

நேற்று சம்பந்தி போன் செய்தார். மாப்பிள்ளைக்குப் புது வண்டி எடுத்திருக்கிறார்களாம்.

“பூட்டினா பூட்ட மாட்டேங்குது சம்பந்தி. ரெண்டு சாவியும் என் கையிலதான் கீது. உள்ள மூணாவது ஒண்ணு இருக்குன்னு கம்பெனிக்காரன் சொல்றான். இன்னா கூத்து பாருங்க.”

நல்ல மெக்கானிக் யாராவது தெரியுமா என்று கேட்டார். பாஸ்கரின் நம்பரைக் கொடுத்தேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

தை மாதம் பூமிகா அந்த வீட்டுக்குப் போகிறாள்.