அந்தப் பாட்டில் என் அழுகை

என் அப்பா இறந்த அன்று நான் அழுததை ஒருத்தி பதிவு செய்து தன் பாட்டில் போட்டாள். அந்தப் பாட்டு நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரம் முழுக்க ஓடியது. 

அப்போது நான் மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மர வீட்டில் அறை எடுத்திருந்தேன். மருத்துவமனையில் நர்ஸ் வேலை. அடுத்த அறைக்காரி 'சோல்' என்கிற உருக்கமான மேற்கத்திய இசை பாடும் பாடகி. பகலில் துணிக்கடையில் நிற்பாள், வாரக் கடைசியில் பார்களில் பாடுவாள். ஃபிஜிக் குடும்பம், அவள் முன்னோர்கள் நம் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். அவளுக்குத் தெரிந்த தமிழ் நாலைந்து வார்த்தைதான். என்னை 'அக்கா' என்பாள், மற்றதெல்லாம் இங்கிலீஷ். அவள் குரல் எனக்குப் பிடிக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் பாடினால் அடுப்பைக் குறைத்து வைத்துக் கேட்பேன்.

அப்பா போனபோது என் விசா புதுப்பிப்பு பாதியில் கிடந்தது. கிளம்பினால் திரும்பி வர முடியுமா என்று தெரியவில்லை. கோயம்புத்தூரில் காலையில் எடுத்தார்கள், இங்கே சாயங்காலம். தம்பி போனில் காட்டினான். அம்மா கேட்டால் இன்னும் உடைந்துபோவாள் என்று என் பக்கத்துச் சத்தத்தை அணைத்துவிட்டுக் கதறினேன். "என்னைப் பாக்காமப் போயிட்டீங்களே அப்பா" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அவள் கதவைத் தட்டி டீ கொண்டுவந்தாள். என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். நன்றியோடு குடித்தேன்.

சில மாதம் கழித்து அவளுடைய முதல் தனிப்பாட்டு, 'சிங்கிள்' என்பார்கள், வெளியீடு. "நீங்க வராம நான் பாட மாட்டேன் அக்கா, உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு" என்றாள் இங்கிலீஷில். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். முன்வரிசையில் இடம் வைத்திருந்தாள்.

விளக்கு மங்கியது. ஸ்பீக்கரில் முதலில் ஒரு விம்மல். அப்புறம் என் குரல், அப்பாவைக் கூப்பிட்டது. அடியில் மெதுவாக டிரம்ஸ் சேர்ந்தது. என் மூச்சு திணறிய இடத்தைக்கூட வெட்டித் தாளத்துக்குப் பொருத்தியிருந்தார்கள். பின்னால் நின்ற கூட்டம் கண்ணை மூடி ஆடியது. என் பக்கத்தில் ஒருவன் பீரை உயர்த்திப் பிடித்து அந்த விம்மலுக்குத் தலையாட்டினான்.

பாட்டு முடிந்ததும் அவள் மேடையிலிருந்து என்னைக் காட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் என்ன செய்தேன்? எழுந்து நின்று, சிரித்து, கும்பிட்டேன். அந்தக் கும்பிடை நினைத்தால் இன்றைக்கும் என் கைகளே எனக்கு அருவருப்பாக இருக்கின்றன.

அதற்குப் பிறகு தப்பிக்க வழியில்லை. வெஸ்ட்கேட் கடைவளாகத்தில் காய்கறி எடுக்கும்போது கடைக்குள் அது ஒலித்தது. வார்டில் ரேடியோ போட்டால் அது. நான் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்த நோயாளி ஒருவர், "அருமையான பாட்டு" என்று காலை ஆட்டினார். புதுக் கட்டுப் போட்டு முடித்துவிட்டுப் போய் சிங்க்கில் காறித் துப்பினேன்.

ஒருநாள் தம்பி கூப்பிட்டான். "அக்கா, உன்ற குரல் பாட்டுல வந்திருக்குதாமா! ஸ்டேட்டஸ்ல போட்டிருக்கறேன். மாமனார் வீட்ல எல்லாரும் சூப்பர்ங்கறாங்க."

"அது நான் அப்பாவுக்கு அழுததுடா."

"தெரியும். அதுக்கென்ன, நல்லாத்தான இருக்குது?"

அம்மா போனை வாங்கினாள். "கண்ணு, அன்னிக்கு நீ இப்படியா அழுதே? எங்களுக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றாள். 

அன்றே சமையலறையில் பாடகியை நிறுத்திக் கேட்டேன்.

"எப்படிப் பதிவு பண்ணினே?"

"பாட்டுப் பதியறதுக்கு என் ரூம்ல மைக் ஆன்ல இருந்தது அக்கா, மரச் சுவர் வழியா உங்க அழுகை அதுல விழுந்துச்சு. அணைக்கத்தான் போனேன். ஆனா அது அவ்வளவு அழகா இருந்தது."

"முடியற வரைக்கும் பதிவு பண்ணிட்டு அப்புறம் டீ போட்டுக் கொண்டுவந்தியா?"

 அவள் கண் கலங்க, "அது என் முன்னோர் பாஷையும்தானே. எனக்கும் அதுல உரிமை இல்லையா? கேக்கறவங்க எல்லாம் அழறாங்க. வேணும்னா உங்க பேரையும் போடறேன்" என்றாள்.

"பேரு வேண்டாம். என்னை அதிலிருந்து எடு."

எடுத்தாள். அதில் அவள் நேர்மையாகவே நடந்துகொண்டாள். இரண்டு வாரத்தில் புதுப் பதிவு வெளியானது. அந்த வீட்டைக் காலி செய்து மவுண்ட் ரோஸ்கில்லில் வேறு அறைக்குப் போகும் வழியில், பஸ்ஸில் போனை எடுத்துக் கேட்டேன். என் குரல் இல்லை. அந்த இடத்தில் அவளே அழுதிருந்தாள். "என்னெ பாக்காமெ போய்ட்டிங்ளெ அப்பா" என்று, என் வார்த்தைகளை உருப்போட்டு, நான் மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கி, நான் உடைந்த இடத்தில் உடைந்து.

அவள் அப்பா உயிரோடு இருக்கிறார். அந்த வெளியீட்டு விழாவில் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டவர் அவர்தான்.